ஜீ நிரல்

ரோஸ்டரில் சாந்தமலருக்கு ஏழரை.
யந்திரத்தில் விரல் வைத்தது ஏழு முப்பத்தெட்டு.
அறிக்கைக்கு வரும்போது அது ஏழே முக்கால்.
பின்னேரம்
கடைசிக் கட்டுக் கொலரையும் தைத்துப் போட்டு
நாலு நாற்பத்து மூன்றுக்குத்தான் எழும்புகிறாள்.
அது நாலரை.
பதின்மூன்று நிமிஷம் ஒரு கால் மணிக்குப் போதாதாம்.
சூத்திரம் நான் எழுதியதல்ல.
ஆனால் கீழ்வரை இழுத்து நிரப்புவது
என் விரல்.

சாப்பாட்டு மணி போக,
திட்டமிட்ட நேரம் எட்டு.
உண்மை நேரம் ஏழே முக்கால்
(தலைப்பு அப்படித்தான், உண்மை நேரம்).
வித்தியாசம் கால் மணி,
சிவப்பில்.

களுதாவளை, செட்டிபாளையம்,
பஸ்ஸால் வந்து இறங்குபவர்கள் கறுப்பு.
படுவான்கரைப் பெயர்களெல்லாம் சிவப்பு.
கொழும்பிலிருந்து எழுதியிருந்தார்கள்:
மண்டூர்ப் பக்கத்து ஊழியர்களின் நேர ஒழுக்கத்தைக் கவனிக்கவும்.
ரிஸ்கான் சேர் அதை அச்செடுத்து
கன்ரீன் பலகையில் குத்தினார்,
மரக்கறி விலைக்குப் பக்கத்தில்.

கலியாண வீடொன்றுக்கு மண்டூர் போனவள்
திங்கள் விடியத் திரும்பினேன்.
பாதை அக்கரையில் நின்றது.
அந்த இரும்புத் தெப்பத்துக்கு வைத்த பெயர் பாதை.
ஆறே முக்காலிலிருந்து துறையில் நிற்கிறோம்:
இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு பால் வண்டி,
அடுக்கிய தயிர்ச் சட்டி,
தைக்கப் போகும் பதினாறு பேர்.
கச்சான் ஏறி அடித்தது.
வந்து சேர்ந்த பிறகும் ஓட்டுபவர் அசையவில்லை.
"நிறையாம வெளிக்கிட ஒண்ணா புள்ள."

நடு வாவியில் சாந்தமலர் கேட்டாள்,
"நீங்கதானே எங்கட பேருக்குச் சிவப்பு அடிக்கிற மிஸ்?"
கோபமில்லை.
குடையைக் கொஞ்சம் பிடியுங்க என்பதுபோல்.
மறுகா சோத்துப் பெட்டியை
மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு
தண்ணியைப் பார்த்தாள்.

குருமண்வெளியில் ஓட்டோ மூன்றுதான்.
மிச்சப் பேர் ஓடினார்கள். நானும்.
அன்றைக்கு எனக்கும் ஏழு முப்பத்தெட்டு.
எனக்கு மாதச் சம்பளம்;
என் எட்டு நிமிஷத்தை ஒருவரும் தேடவில்லை.
மாத முடிவுகளில் இரவு எட்டு வரை
மின்விசிறிக்குக் கீழே இருந்ததையும்தான்.

அன்றிரவு
காலையில் ஏழு, பின்னேரம் பதின்மூன்று,
இருபதை இருபத்துநாலு நாளால் பெருக்கினேன்,
காகிதத்தில், பிறகு கைபேசியில், பிறகும் ஒருக்கால்.
நானூற்று எண்பது நிமிஷம்.
மாதத்தில் ஒரு முழு நாள்
அவள் வந்து தைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.
அந்த நாளுக்குத் திகதி இல்லை.

எஃப் நிரலுக்கு அடுத்து
புதிதாக ஒன்று செருகினேன்.
யந்திரம் பிடித்த நேரம், வெட்டாமல், ஒட்டாமல்.
எட்டு மணித்தியாலம் ஐந்து நிமிஷம்,
கறுப்பில்.
அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.
கோப்பை ஆறுமுன் பதில்:
படிவத்தை மாற்றக் கூடாது,
மேலதிக நிரலை நீக்கவும்.

நீக்கவில்லை. ஒளித்தேன்.
அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது,
ஒரு சொடுக்குப் போதும்.
இப்போது மாதா மாதம் போகிறது அறிக்கை:
டீ, ஈ, எஃப், எச்.
நாலு பேர் ஒப்பமிடுகிறார்கள்.
ஜீ எங்கே என்று
ஒருவரும் கேட்டதில்லை.

நேற்று கேற்றடியில் சாந்தமலர்,
மூச்சு வாங்காமல், சிரித்துக்கொண்டு:
"மிஸ், இண்டைக்குப் பாதை சுறுக்கா வந்திட்டுது."
ஏழு இருபத்தாறு.
நானும் சிரித்தேன்.
மேசைக்கு வந்து
கீழ்வரை இழுத்து நிரப்பினேன்.
அது ஏழரையானது.